முன் பந்தல், உள் பந்தல்

மார்ச் 5, விபூதிப் புதன்

நாலு வரி எழுதினால் போதும் என்று சொல்லித்தான் பங்குச்சாமியார் அமலதாஸ் இந்த டைரியைக் கொடுத்தார். தவக்காலம் முழுக்க அன்றன்றைக்கு நடந்ததை யோசித்து எழுத வேண்டுமாம். "ஞானப்பூம்மா, நாலு வரின்னா நாலு வரி. பாவசங்கீர்த்தனத்துல பேசுற மாதிரி நீட்டிக்கிட்டே போயிறாதீங்க" என்று சிரித்தார். நான் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலில் நின்றால், பின்னால் நிற்கிறவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று ஊரில் ஒரு கேலி உண்டு.

நெற்றியில் சாம்பல் பூசியாயிற்று. ஈஸ்டர் வரை காப்பி இல்லை என்று நேர்ந்துகொண்டேன். மத்தியானத்திலேயே மண்டை வலி.

மார்ச் 8, சனி

சனி, ஞாயிறு என்றால் எங்கள் தோட்டத்துக்கு ஆள் வரும். தேக்கடிக்குப் போகிறவர்கள் கம்பத்துக்குப் பக்கத்தில் இன்னாசிபட்டிக்குப் பிரிகிற விலக்கில் 'இயற்கைத் திராட்சைத் தோட்டம்' என்ற போர்டைப் பார்த்து வண்டியைத் திருப்புவார்கள். தோட்டம் என் தம்பி மகன் ஆல்பினுடையது. தம்பியும் அவன் பெண்டாட்டியும் ஒரே பஸ் விபத்தில் போனபோது ஆல்பின் மூன்றாம் வகுப்பு. எனக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஆண்டவர் பார்த்து எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

வருகிறவர்களிடம் பந்தலுக்குக் கீழே நின்று பேசுவது என் வேலை. பெங்களூர் கம்பெனி ஒன்று எங்கள் பன்னீர் திராட்சையை வாங்கி, மருந்து படாத சிவப்பு ஒயின் போடுகிறது. பாட்டிலின் பின்பக்கச் சீட்டில் என் படம், முக்காடு போட்டு, கையில் ஒரு கொத்தோடு. கம்பெனியின் ஒயின் மாஸ்டர் பொன்னப்பா சார் குடகுக்காரர். ஒயினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லித் தந்தது. தோட்டத்தில் ஒயின் ஊற்றுவதில்லை, பழச்சாறுதான். பாட்டில் கண்ணால் பார்ப்பதற்கு.

"கண்ணுகளா, கறுப்பா, கெட்டியா இருந்தாத்தான் நல்ல ஒயினுன்னு நினைக்காதீக. கிளாசைச் சாய்ச்சு வெள்ளைத் துணிக்கு மேல பிடிங்க. ஓரத்துல ஊதா தெரிஞ்சா இளசு. செங்கல் நிறம் தெரிஞ்சா வயசாளி. அப்புறம் மோந்து பாருங்க. பழம் மணக்கணும். தீக்குச்சி உரசுன வாடை மூக்குல ஏறுச்சுன்னா கந்தகம் கூடிப்போச்சுன்னு அர்த்தம். அடியில கசடு கிடக்குன்னு கடைக்காரன்கூடச் சண்டைக்குப் போகாதீக. ரொம்ப வடிகட்டலை, அம்புட்டுத்தான். சீட்டைப் படிங்க. இயற்கைத் திராட்சையில செஞ்சதுன்னு போட்டிருந்தா, கொடிக்கு மருந்து அடிக்கலைன்னு மட்டுந்தான் அர்த்தம். தொட்டியில என்னத்தப் போட்டாகன்னு தனியாக் கேக்கணும்."

"நீங்க குடிப்பீங்களா ஆன்ட்டி?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"நாக்கு நுனியில வச்சுப் பாப்பேன். முழுங்குறதுக்குச் சாமியாரு இருக்காரு" என்றேன். ஒரே சிரிப்பு.

கடைசியாக முன் பந்தலில் ஒரு கொத்தைப் பறித்து, கழுவாமல், துடைக்காமல் வாயில் போட்டுக்கொள்வேன். "பாத்துக்கங்க. மருந்தடிச்ச பழத்தை இப்பிடித் திங்க முடியுமா?" அப்போதுதான் கை தட்டுவார்கள்.

ஆல்பின் ஷெட் வாசலில் நின்று, "எங்க அத்தே பேசுனா ஆண்டவரே ரெண்டு பெட்டி வாங்கிட்டுப் போயிருவாரு" என்றான். வாயைக் கழுவுடா என்று முதுகில் ஒன்று வைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஆல்பின் பெண்டாட்டி ஜெசிந்தாவைப் பற்றி முணுமுணுத்தேன். அது பாவம்தான். ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. கோயம்புத்தூர்க்காரி. தன் நாலு வயசு மகள் அனிட்டாவுக்குத் திராட்சை கொடுப்பதென்றால் பழத்தை உப்புத் தண்ணீரில் ஊறப் போடுகிறாள், மறுபடி அலசுகிறாள், பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தோலை உரிக்கிறாள்.

"நம்ம தோட்டத்துப் பழத்துக்கே இத்தனை குளியலா?" என்றேன்.

"புழு இருக்குமுங்க அத்தை."

"மருந்தடிக்காத பழம்னா ஒண்ணு ரெண்டு புழு இருக்கத்தான் செய்யும். அதுதான அதுக்கு நற்சான்றிதழ்!"

அவள் அடுத்த பழத்தை எடுத்துத் தோல் உரித்தாள். நகரத்துப் பெண்களுக்கு மண்ணிலிருந்து வருவது எதைக் கண்டாலும் அருவருப்பு.

மார்ச் 15, சனி

பொன்னப்பா சார் வந்து, சோதனைக்கூடத்துக்கு அனுப்ப மாதிரிப் பழம் வேண்டும் என்றார். "அத்தே கையால பறிச்சுக் குடுங்க, அதுதான் ராசி" என்றான் ஆல்பின். முன் பந்தலில் பார்த்துப் பார்த்துப் பறித்துக் கொடுத்தேன். அங்கே இலையெல்லாம் பழுப்படித்து, கொத்தும் சூம்பிக் கிடக்கிறது. போன ஐப்பசி மழையில் வந்த சாம்பல் நோய் இன்னும் விடவில்லை. உள் பந்தலுக்கு மட்டும் ஒன்றுமில்லை. கொத்து ஒவ்வொன்றும் கைக்குழந்தை மாதிரி. நான் காலையில் செபமாலை சொல்லிக்கொண்டு நடப்பது உள் பந்தலில் அல்லவா? மாதா பார்த்துக்கொள்கிறாள்.

"கொஞ்ச நாளைக்கு உள்ள போகாதீக அத்தே. பாம்புச் சட்டை கிடந்துச்சு" என்றான் ஆல்பின். என்னைப் பற்றி அவனுக்கு எப்போதும் பயம். இனிமேல் மாட்டுக்கொட்டத்தைச் சுற்றித்தான் செபமாலை.

மார்ச் 19, புதன். சூசையப்பர் திருநாள்

எங்கள் பங்கில் பூசைக்கான திராட்சை இரசத்தை நாங்களே போட்டுக்கொள்ள ஆயர் அனுமதி கொடுத்திருக்கிறார். போடுவது நான். சர்க்கரை கூடாது, தண்ணீர் கூடாது, ஈஸ்ட் கூடாது. பழம் மட்டும்தான். பழத்தின் மேல் இயல்பாகவே மெல்லிய வெள்ளைப் பூச்சு இருக்கிறதே, அதிலிருக்கிற ஈஸ்டே போதும், இரண்டாம் நாள் நுரைத்துக்கொண்டு மேலே வரும்.

ஆல்பின் இரண்டு கூடை பழம் கொண்டுவந்து இறக்கினான். "முன் பந்தல்ல இம்புட்டுத் தேறாது அத்தே. உள் பந்தல்ல எடுத்துக்கிட்டேன்." நல்ல பழமாகப் பார்த்து ஆண்டவருக்குக் கொண்டுவந்திருக்கிறான் என்று கண் கலங்கிவிட்டது. பங்கு வீட்டுச் சமையலறையில் கைகளைச் சுத்தம் செய்துகொண்டு, காரியம் முடிகிறவரை ஒரு வார்த்தை பேசாமல் பிசைந்தேன். சாமியார் எட்டிப் பார்த்து, "ஒடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். பெரிய வியாழன் பூசைக்குப் புது இரசம்.

மார்ச் 22, சனி

சாடியில் நுரை வரவில்லை.

மார்ச் 25, செவ்வாய். மங்கள வார்த்தைத் திருநாள்

இன்னும் வரவில்லை. மற்ற வருஷங்களில் காதை வைத்தால் பாயசம் கொதிக்கிற மாதிரி சத்தம் கேட்கும். இப்போது ஊமையாக இருக்கிறது. பச்சைச் சாறு வாடை. காலையும் மாலையும் போய் மரக்கரண்டியால் கிளறி, மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டு வருகிறேன்.

இது என்னால்தான். ஜெசிந்தாவை மனதுக்குள் திட்டிக்கொண்டே பிசைந்த கை. சாமியாரிடம் போய்ச் சொன்னேன்.

"உங்க நாக்குக்கும் அந்தச் சாடிக்கும் சம்பந்தம் இல்லம்மா. பழத்துல ஏதாவது இருக்கும். மருந்து கிருந்து பட்டிருக்குமோ?"

"எங்க தோட்டத்துலயா!" என்று நான் போட்ட சத்தத்தில் மணியடிக்கிற கோயில்பிள்ளை கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்தார். சாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஜெசிந்தாவுக்கு இன்று நானே தலையில் எண்ணெய் வைத்துவிட்டேன். என்ன ஆயிற்று அத்தைக்கு என்று பார்த்தாள்.

மார்ச் 29, சனி

மதுரையிலிருந்து ஒரு குடும்பம். அதில் ஒரு பெண் மாசமாக இருந்தாள். ஏழு மாசம் இருக்கும். "அம்மா, எனக்கு ஒரு கொத்து குடுங்களேன், பாத்ததும் நாக்கு ஊறுது" என்றாள். முன் பந்தலைப் பார்த்தேன். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் கொடுக்கிற பழமா அது? பாம்பாவது ஒன்றாவது என்று உள் பந்தலுக்குள் போய் நல்ல கொத்தாகப் பறித்துக்கொண்டு வந்தேன். வழக்கம்போல முதல் பழத்தை நான் வாயில் போட்டுக் காட்டப் போனேன்.

ஆல்பின் ஷெட்டிலிருந்து ஓடிவந்தான். என் கையை ஓங்கித் தட்டினான். கொத்து மண்ணில் விழுந்தது. "குளவி! குளவி இருந்துச்சு அத்தே!" என்று சொல்லிக்கொண்டே அதைச் செருப்புக் காலால் மிதித்தான். ஒரு பழம் விடாமல் மிதித்தான். பிறகு அவனே முன் பந்தலில் ஒரு சின்னக் கொத்தைப் பறித்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தான்.

குளவிதான். நான் பார்க்கவில்லை. எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று டாக்டர் போன வருஷமே சொன்னார்.

மார்ச் 30, ஞாயிறு

மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. ஆல்பின் தைலம் தேய்த்துவிட்டான்.

ஏப்ரல் 1, செவ்வாய்

காலையில் ஆல்பின் கம்பம் போனதும் உள் பந்தலுக்குள் போனேன். பாம்புச் சட்டை எதுவும் இல்லை. தலைக்கு மேலே இலைகளைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் சொட்டுச் சொட்டாகக் காய்ந்த வெள்ளைத் திட்டு. கசக்கி மோந்தேன். எங்கள் அப்பா வெண்டைக்கு அடிக்கிற மருந்தை மூங்கில் குச்சியால் கலக்கிக் கொடுத்தவள் நான். அந்த வாடையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்தேன். ஜெசிந்தா பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, புழுவுக்காகவா அலசுற?"

கத்தி நின்றது.

"சொல்லு. மாதா மேல ஆணையா உன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"மழைக்கு அப்புறம் கொடியெல்லாம் போயிருமுன்னு ஆயிருச்சுங்க அத்தை. கம்பெனி விட்டுட்டா எல்லாம் போச்சுன்னாரு. அதுலேர்ந்து உள்ளாற மட்டும் அடிக்கிறாரு. நீங்க காலைப் பூசைக்குப் போற நேரமாப் பாத்து." அவள் அழ ஆரம்பித்தாள். "முன் பந்தல்ல அடிக்கிறதில்லீங்க. அது உங்களுக்காகத்தான் விட்டு வச்சிருக்காரு. நீங்க கழுவாமச் சாப்பிடுவீங்கன்னு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அத்தைக்குத் தெரிஞ்சா பேச்சுல அந்த உண்மை வராது, கேக்குறவங்களுக்குத் தெரிஞ்சுபோயிருமுன்னாரு."

அப்போதுதான் சாடி ஞாபகம் வந்தது.

"பூசைக்குக் குடுத்த ரெண்டு கூடையும் உள் பந்தல் பழந்தான?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 2, புதன்

ஆல்பினைச் சாப்பிட வைத்துவிட்டுக் கேட்டேன். வெறும் வயிற்றோடு கேட்க மனம் வரவில்லை.

அவன் மறுக்கவில்லை. "ஊருல யாரு அடிக்கல அத்தே? அளவாத்தான் அடிக்கிறேன். அறுவடைக்கு முன்னாடி நிறுத்திருவேன்."

"அன்னிக்குக் கையத் தட்டிவிட்டயே, அது எந்தக் கணக்கு?"

தலையைக் குனிந்துகொண்டான். "அதுக்கு முந்துன நாள்தான் அடிச்சிருந்தேன்."

"மாதிரிப் பழத்த எங்கையால பறிக்க வச்ச."

"உங்க கையப் பாத்துட்டா பொன்னப்பா சார் வேற எங்கயும் பறிக்க மாட்டாரு அத்தே."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்!

"எனக்குன்னு ஒரு பந்தலைக் காப்பாத்தி வச்சயே, ஆண்டவருக்கு ஒரு கூடை அதுலேர்ந்து எடுக்கணும்னு தோணலையாடா?"

"அவரு ஒண்ணும் கழுவாமத் திங்கப் போறதில்லயே அத்தே."

விளையாட்டாகச் சொல்லிச் சமாளிக்கப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் என் காலைப் பிடித்துக்கொண்டான். பன்னிரண்டாம் தேதி பொன்னப்பா சார் ஓட்டல்காரர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம். இந்த வருஷ இயற்கைச் சிவப்பு ஒயினுக்கு எந்தத் தோட்டத்துப் பழம் என்று அன்றைக்குத்தான் முடிவாகும். "இந்த ஒரு தடவை பேசிருங்க அத்தே. எப்பவும் போல. அடுத்த கவாத்துலேர்ந்து ஒரு சொட்டு அடிக்க மாட்டேன். அனிட்டா மேல சத்தியம்."

பிள்ளையின் தலையில் அடித்த சத்தியத்தை வாபஸ் வாங்குடா என்று கத்தினேன். பேசுகிறேன் என்று வாக்கு மட்டும் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

சாமியாரிடம் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, சமையலறையில் நின்று சொன்னேன். அவரே வந்து சாடியைத் தூக்கப் பிடித்தார். பின்பக்கம் குழி தோண்டி ஊற்றினோம். வாழை மரத்துப் பக்கம் ஊற்றப் போனார், வேண்டாம் என்று தடுத்தேன்.

"பூசைக்கு வெளியில வாங்கிக்கலாம். உங்க மேல தப்பில்லம்மா."

"சாட்சி சொன்னது நான்தான சாமி? அத்தனை பேருக்கு முன்னாடி தின்னு காட்டினேனே."

"தெரியாமச் சொன்னீங்க."

"பன்னிரண்டாம் தேதி தெரிஞ்சுதான சொல்லணும்?"

அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே இருந்தார். அவர் எனக்குப் பதிலாக யோசிக்க மாட்டார் போலிருக்கிறது.

ஏப்ரல் 5, சனி

மூட்டுவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன். பந்தலில் ஆல்பின் பேசினான். நான் சொல்கிற அதே வார்த்தைகள். யாரும் கை தட்டவில்லை.

ஏப்ரல் 9, புதன்

அனிட்டாவுக்குப் பேன் பார்த்தேன். துணி துவைத்தேன். குருத்து ஞாயிறுக்கு ஓலை வெட்டி வைத்தேன். ஆல்பின் எனக்குப் புதுச் சேலை வாங்கி வந்திருக்கிறான், சனிக்கிழமைக்கு. ஊதாக் கரை. சின்ன வயசில் அவனுக்குக் காய்ச்சல் வந்தால் என் சேலை நுனியைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவான். அதை நினைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன். ஒரு கிளாஸ் காப்பி குடித்துவிட்டேன். மன்னிக்கவும்.

ஏப்ரல் 12, சனி

பழைய சேலையைத்தான் கட்டினேன்.

பொன்னப்பா சாரோடு மூன்று பேர். பெரிய ஓட்டலில் ஒயின் தேர்ந்தெடுக்கிற ஒரு அம்மா, நரைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். ஷெட் மேஜையில் போன வருஷத்துப் பாட்டில். சார் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்தார்.

"பேசுங்கம்மா. இவங்க உங்களைக் கேக்கத்தான் வந்தாங்க" என்றார்.

பேசினேன். வெள்ளைத் துணி, ஊதா ஓரம், தீக்குச்சி வாடை, அடிக்கசடு எல்லாம். குரல் எனக்கே வேறு ஆள் குரலாகக் கேட்டது. "கடைசியா ஒண்ணு. நிறத்தையும் மணத்தையும் வச்சு நல்ல ஒயினக் கண்டுபிடிச்சிரலாம். மருந்து படாத ஒயின நாக்கால கண்டுபிடிக்க முடியாது. யாரோ ஒருத்தரு சொல்றத நம்பித்தான் வாங்கணும். அதனால சொல்றது யாருன்னு பாருங்க" என்றேன். அந்த அம்மா தலையை ஆட்டி, பாட்டிலில் இருந்த என் படத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இப்ப எங்க அத்தே பழம் சாப்பிட்டுக் காட்டுவாக" என்று ஆல்பின் என்னை முன் பந்தல் பக்கம் தோளைத் தொட்டுத் திருப்பினான். நான் அவன் கையை எடுத்துவிட்டு உள் பந்தலுக்குப் போனேன். ஒரு கொத்து பறித்தேன். வந்து அவனிடம் நீட்டினேன்.

"இன்னிக்கு நீ தின்னு காட்டுப்பா. தோட்டக்காரன் நீதான."

வேண்டாம் என்று சொல்லிவிடு ராசா. அதைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். பல் வலி என்று சொல்லியிருக்கலாம். கீழே தவற விட்டிருக்கலாம். என் முகத்தைப் பார்த்து, அத்தே, தப்புத்தான் என்று சொல்லியிருந்தால் அங்கேயே அவனைக் கட்டிக்கொண்டிருப்பேன்.

அவன் வாங்கினான். ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டான். என்னைப் பார்த்துக்கொண்டே மென்றான். இன்னொன்றும் போட்டான். "தேன் மாதிரி இருக்கு மேடம்" என்று சிரித்தான். அவர்கள் கை தட்டினார்கள்.

பயத்தில், வழியில்லாமல் செய்தான் என்றுதான் இத்தனை நாளும் அவனுக்காக வாதாடிக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு என்னால் வாதாட முடியவில்லை.

"நீங்க எடுக்கலியாம்மா?" என்றார் பொன்னப்பா சார்.

"நான் தின்ன மாட்டேன் சார்."

"நோன்பா?"

"நோன்பு காப்பிக்குத்தான்." அவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். "உள் பந்தல்ல மருந்து அடிச்சிருக்கு சார். நான் உங்களுக்கு மாதிரி பறிச்சுக் குடுத்தது முன் பந்தல்ல. அப்ப எனக்குத் தெரியாது. இப்பத் தெரியும்."

அந்த அம்மா கையில் இருந்த கிளாசை மேஜையில் வைத்துவிட்டு, பாட்டிலை மெல்லத் திருப்பினார். என் முகம் சுவரைப் பார்த்தது. பொன்னப்பா சார் உள் பந்தலுக்குள் போய்த் தன் கையாலேயே நாலைந்து இடத்தில் கொத்து வெட்டிப் பையில் போட்டுக் கட்டினார். காரில் ஏறுகிறவரை அவர் என்னைப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னவள் என்று அவர் நினைக்கவில்லை. இத்தனை நாள் இவளும் கூட்டு என்றுதான் நினைத்திருப்பார். அப்படித்தான் நானும் நினைத்திருப்பேன்.

கார் போனதும் ஷெட்டுக்குப் பின்னால் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. ஆல்பின் வாய் கொப்பளித்தான். நெடுநேரம் கொப்பளித்துக்கொண்டே இருந்தான்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

ஆண்டவருடைய பாடுகளின் வாசகம் முடியும்வரை நிற்க முடியவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

கம்பெனியிலிருந்து போன் வந்ததாம். ஜெசிந்தா சொன்னாள். எங்கள் பழம் இனி வேண்டாமாம். இருக்கிற பாட்டில்களில் என் படத்தின் மேல் வேறு சீட்டு ஒட்டப் போகிறார்களாம். தோட்டத்து வாசல் போர்டு சாய்ந்து கிடக்கிறது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து வெயிலில் நடந்து வந்தேன். ஆல்பின் வாசலில் நின்றிருந்தான். சனிக்கிழமைக்குப் பிறகு இன்றைக்குத்தான் முதல் பேச்சு.

"காட்டிக் குடுத்துட்டீகளே அத்தே" என்றான்.

ஆண்டவரைக் காட்டிக் கொடுத்தவனைப் பற்றிக் கோயிலில் கேட்டுவிட்டு வந்த வார்த்தை. அதை எனக்குச் சொன்னான். "வெயில்ல நிக்காத, உள்ள வா" என்றுதான் சொன்னேன்.

ஜெசிந்தா எல்லோருக்கும் நோன்புக் கஞ்சி ஊற்றி வைத்திருந்தாள். ஆல்பினும் வந்து எதிரில் உட்கார்ந்தான். பசி எனக்கு. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படவில்லை. சிலுவை போட்டு, செபம் சொல்லி முடித்தேன். அப்படியும் கை கிண்ணத்துக்குப் போகவில்லை. ஏன் என்று எனக்கே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அதே பாத்திரத்துக் கஞ்சியில் அவன் ஒரு வாய் எடுத்து முழுங்கினான். அதைப் பார்த்த பிறகுதான் என் கை போனது.